கெட்ட கனவு அச்சேறும் வரை

கேள்வியின் சுருக்கம் இது: "சிறுவயதிலிருந்தே எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டியபடி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பாள். கயிறு ஓடும், ராட்டினம் சுற்றும், ஆனால் சத்தமே இருக்காது. அவள் திரும்பப் போகிறாள் என்று தெரிந்ததும் வியர்த்துப்போய் எழுந்துவிடுவேன். இதை அப்படியே எழுதி நண்பர்களிடம் கொடுத்தேன். 'நன்றாக இருக்கிறது, ஆனால் பயம் வரவில்லை' என்கிறார்கள். இதைத் திகில் கதையாக்கி வெளியிட என்ன செய்ய வேண்டும்?"

உங்கள் நண்பர்கள் சொன்னதை நம்புங்கள். கோளாறு உங்கள் மொழியில் இல்லை. விழித்திருக்கும்போது முதலில் ஒன்றைப் பார்க்கிறோம் அல்லது கேட்கிறோம்; அப்புறம்தான் பயம் வருகிறது. கெட்ட கனவில் பல சமயம் இது தலைகீழாக நடக்கிறது. பயம் முன்கூட்டியே வந்துவிடுகிறது, கண்ணில் படுவது எதுவானாலும் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. துணி காயும் கொடி, பாதி திறந்த கதவு, ஆளில்லாத பள்ளிக்கூட வராந்தா என்று சாதாரண விஷயங்கள்கூட கனவில் நம்மை அலற வைப்பது அதனால்தான். கிணற்றடியை நீங்கள் விவரித்து எழுதும்போது உங்கள் உடம்பில் அந்தப் பயத்தின் மிச்சம் இருக்கிறது. படிப்பவரிடம் அது இல்லை. அவருக்குக் கிணறு கிணறாகத்தான் தெரியும்.

ஆக, கனவு உங்களுக்குத் தந்திருப்பது ஒரு படமும் ஒரு பயமும். அந்தப் படத்தைப் பார்த்து அந்தப் பயம் ஏன் வர வேண்டும் என்ற காரணத்தைக் கனவு தரவில்லை. விழித்திருந்து நீங்கள்தான் அதைக் கட்ட வேண்டும். கதை என்பது அந்தக் கட்டுமானம்தான். கனவிலிருந்து பிறந்தவை என்று உலகம் கொண்டாடும் திகில் கதைகளின் வரலாற்றைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 'கனவில் கண்டார், எழுதினார், புகழ் பெற்றார்' என்று சுருக்கிச் சொல்லும்போது நடுவில் இருந்த வேலை காணாமல் போய்விடுகிறது.

'ஃபிராங்கென்ஸ்டைன்' நாவலை எழுதிய மேரி ஷெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1816 ஜூன் மாதம், ஜெனீவா ஏரிக்கரை. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் ஐரோப்பாவில் அந்தக் கோடை கோடையாகவே இல்லை. குளிரும் மழையுமாகப் போனது. வில்லா டியோடாட்டி என்ற வீட்டில் அடைந்து கிடந்த நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். மேரிக்கு அப்போது 18 வயது. தினமும் காலையில் 'கதை கிடைத்ததா?' என்று கேட்பார்கள். 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது அவருக்குப் பெரிய சங்கடம். ஒரு நாள் இரவு, செத்த உடலை மின்சாரத்தால் அசைய வைக்க முடியுமா என்ற பேச்சைக் கேட்டுவிட்டுப் படுத்தவருக்குத் தூக்கமும் விழிப்பும் கலந்த நிலையில் ஒரு காட்சி வந்தது. தான் ஒட்டிச் சேர்த்த உருவத்தின் பக்கத்தில் முகம் வெளிறிய மாணவன் ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். அது அசைகிறது. அவன் பயந்து ஓடிப்போய்ப் படுத்துக்கொள்கிறான். கண் விழித்தால், கட்டிலின் திரையை விலக்கிக்கொண்டு அது அவனையே பார்த்தபடி நிற்கிறது.

இதை அவர் 1831 பதிப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஜன்னல் கதவுகளின் இடுக்கில் நிலவு வெளிச்சம் வந்ததாக அதில் ஒரு குறிப்பு உண்டு. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர்கள் நேரில் போய், மலைச்சரிவையும் நிலவின் பாதையையும் கணக்கிட்டு, அது ஜூன் 16 விடியற்காலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் நடந்திருக்கலாம் என்று 2011-இல் எழுதினார்கள். ஒரு கெட்ட கனவுக்கு நேரம் குறித்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் உங்களுக்குப் பயன்படப் போவது வேறு.

மறுநாள் அவர் எழுத ஆரம்பித்தது, மழை பெய்யும் நவம்பர் இரவில் அந்த உருவம் கண் திறக்கும் இடத்தை. 1818-இல் மூன்று பாகமாக வந்த புத்தகத்தில் அந்த இடம் முதல் பாகத்தின் நான்காவது அத்தியாயம். அதற்கு முன்னால் வட துருவத்தில் பனியில் சிக்கிய கப்பல் இருக்கிறது, கப்பல் தலைவன் தன் அக்காவுக்கு எழுதும் கடிதங்கள் இருக்கின்றன, அந்த உருவத்தைப் படைக்கும் மாணவன் விக்டரின் சிறுவயது இருக்கிறது, இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பின்னால், கைவிடப்பட்ட அந்த உருவம் ஒரு குடும்பத்தை ஒளிந்திருந்து பார்த்துப் பேசக் கற்றுக்கொள்வது இருக்கிறது. கனவில் வந்தது மொத்தமே சில பக்கம்தான். மற்றதெல்லாம் அந்தக் காட்சியைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள். இவன் ஏன் இதைச் செய்தான்? செய்துவிட்டு ஏன் ஓடினான்? ஓடிப்போனவனை எழுப்பி நிற்கிறதே, அதற்கு என்ன வேண்டும்? இந்த மூன்றாவது கேள்வியில்தான் முழு நாவலும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் இறந்துபோனது. மார்ச் 19 அன்று நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதியிருக்கிறார்: குழந்தைக்கு உயிர் திரும்பிவிட்டது, அது குளிரில் விறைத்துத்தான் இருந்திருக்கிறது, நெருப்புப் பக்கத்தில் வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. இந்தக் கனவையும் அடுத்த ஆண்டு வந்த காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயிரற்றது அசைகிறது என்பது இரண்டிலும் ஒன்றே. முதலாவதில் அது தாயின் ஆசை, இரண்டாவதில் அதுவே திகில். நாவல் இருநூறு ஆண்டுகளாக விடாமல் படிக்கப்படுவதற்கு இந்த இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்திருப்பதே காரணம் என்பது என் வாசிப்பு. நீங்களும் உங்கள் கனவைத் தனியாக எடுத்து ஆராயாதீர்கள். அது வந்த காலத்தில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, யாரை இழந்தீர்கள், எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்று அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதை வெளியே யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' கதையை எழுதிய ஸ்டீவன்சன் இன்னும் வெளிப்படையாகச் சொன்னவர். 1885-இல் இங்கிலாந்தின் போர்ன்மத் ஊரில் நோய்வாய்ப்பட்டுக் கிடந்தார். பணம் தேவைப்பட்டது. மனிதனுக்குள் இருக்கும் இரட்டை ஆளைப் பற்றி ஒரு கதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக அவருக்கு எண்ணம். முன்பு ஒன்றை எழுதியும் பார்த்திருந்தார். இரண்டு நாள் கதைக்காக மண்டையை உடைத்துக்கொண்டபின் கனவு வந்தது. அவர் அலறுவதைக் கேட்டு மனைவி ஃபேனி தட்டி எழுப்ப, அருமையான பேய்க்கதை ஒன்றைக் கனவு கண்டுகொண்டிருந்தேனே, ஏன் எழுப்பினாய் என்று கோபித்துக்கொண்டாராம். 1888-இல் கனவுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் கணக்கைத் தெளிவாகப் பிரித்து வைக்கிறார்: கனவில் வந்தவை ஜன்னல் காட்சி ஒன்று; துரத்தப்பட்டு வரும் ஹைட் (டாக்டர் ஜெக்கிலின் கெட்ட மறுவுரு) துரத்தியவர்கள் கண்ணெதிரே பொடியைக் குடித்து உருமாறும் காட்சி இன்னொன்று, அதுவும் பிறகு கதையில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மற்ற எல்லாமே விழித்திருந்து செய்தவை. கதையின் பொருளும் தன்னுடையதே என்று அழுத்திச் சொல்கிறார்.

கனவு ஆயத்தமில்லாத இடத்தில் வந்து விழவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வி முன்பே இருந்தது. கனவு அதற்கு ஒரு காட்சியைக் கொடுத்தது. முதல் படியை மூன்று நாளில் எழுதி முடித்தார் என்றும், இது வெறும் பரபரப்புக் கதையாக நின்றுவிட்டது, உள்ளே இருக்கும் பெரிய விஷயத்தைத் தவறவிட்டீர்கள் என்று ஃபேனி சொன்னதும் அதை நெருப்பில் போட்டுவிட்டு மறுபடி எழுதினார் என்றும் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். 1886 ஜனவரியில் ஒரு ஷில்லிங் விலையில் வந்த புத்தகம் பிரிட்டனில் ஆறு மாதத்தில் சுமார் 40,000 பிரதிகள் விற்றது. முதல் வாசகர் 'இது போதாது' என்று சொன்னதும் அதை எழுத்தாளர் கேட்டுக்கொண்டதும் இதில் பெரும்பங்கு என்று நினைக்கிறேன்.

அவர் அந்த உருமாற்றத்தை எங்கே வைத்தார் என்று பாருங்கள். கதை ஒரு வக்கீலும் அவருடைய உறவினரும் ஞாயிற்றுக்கிழமை நடைபோவதில் தொடங்குகிறது. வழியில் ஒரு கதவு. கனவின் உச்சக் காட்சி கிட்டத்தட்டக் கடைசியில்தான், லேன்யன் என்ற டாக்டரின் கடிதத்தில் வருகிறது. மேரி கனவைக் கதையை முடுக்கிவிடும் இடத்தில் வைத்தார். ஸ்டீவன்சன் கதை போய்ச் சேரும் இடத்தில் வைத்தார். இரண்டு பேருமே முதல் பக்கத்தில் வைக்கவில்லை. புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் பத்தியிலேயே கனவைக் கொட்டிவிட்டு, அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

கனவை அப்படியே எழுதி வென்றவர்கள் இல்லையா என்றால், அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் இருக்கிறார். 1919 டிசம்பரில் கண்ட கனவை நண்பர்களுக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதமும் இருக்கிறது, அதிலிருந்து பிறந்த 'ராண்டால்ஃப் கார்ட்டரின் வாக்குமூலம்' (The Statement of Randolph Carter) என்ற கதையும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதைப் போன்ற பயிற்சி வேறு கிடையாது. பழைய கல்லறை ஒன்றுக்குள் நண்பர் இறங்குகிறார், மேலே நிற்பவரிடம் கம்பி வழியாகத் தொலைபேசியில் பேசுகிறார், கடைசியில் கம்பியில் வேறொரு குரல் கேட்கிறது. கடிதத்திலும் கதையிலும் சம்பவம் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் பெயர்களை மாற்றினார். சொல்லப்படும் சூழலையும் மாற்றினார். நண்பர் காணாமல் போனதைப் பற்றி அதிகாரிகள் விசாரிக்கிறார்கள், 'எத்தனை முறை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்' என்று ஒருவன் வாக்குமூலம் கொடுக்கிறான். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் சொல்பவனுக்கு எதிரில் நம்பாத ஒரு ஆள் உட்கார்ந்ததும் கனவு கதையாகிவிடுகிறது. நம்ப வைத்தே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஏறிவிடுகிறது.

சரி, உங்கள் கிணற்றுக்கு வருவோம்.

உங்கள் கனவில் விலைமதிப்புள்ள பொருள் அந்தப் பெண் இல்லை. முதுகு காட்டி நிற்கும் பெண்ணைப் பல பேய்க்கதைகளில் பார்த்தாகிவிட்டது. சத்தமில்லாத ராட்டினம்தான் உங்களுடையது. கனவில் எது மற்றவர்களுக்கு வந்திருக்க முடியாதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது கேள்வி: ஒரு ராட்டினம் சத்தமில்லாமல் சுற்றினால் படிப்பவர் ஏன் நடுங்க வேண்டும்? அதற்கு, சத்தம் கேட்பதுதான் பாதுகாப்பு என்று அவர் முன்பே நம்பியிருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு இப்படி யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பாட்டி ராட்டினத்துக்கு எண்ணெய் விட யாரையும் விடுவதில்லை. கிரீச் கிரீச் என்று தெருவுக்கே கேட்கும். 'சத்தம் கேட்டால் நம்ம ஆளுங்க இறைக்கிறாங்கன்னு தெரியும்ல' என்று மட்டும் சொல்வாள். வீட்டில் பிள்ளை பிறக்கிறது. இரவில் அடுப்படிக்குத் தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் பிள்ளை விழித்துக்கொண்டு அழுகிறது. தகப்பன் ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல், பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும் என்று ராட்டினத்தில் தேங்காய் எண்ணெய் விடுகிறான். அன்பினால் செய்த காரியம். அதற்குமுன் நான்கைந்து இடங்களில் அந்தக் கிரீச் சத்தத்தைப் படிப்பவர் காதில் விழவைத்திருக்க வேண்டும்: விடியலில், சண்டை நடக்கும்போது, விருந்தாளி வந்திருக்கும்போது, யாரும் பொருட்படுத்தாத பின்னணியாக. அப்புறம் ஒரு ராத்திரி அவன் கொல்லைக் கதவைத் திறக்கிறான். கயிறு ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டிலிருக்கும் எல்லோரும் உள்ளே தூங்குகிறார்கள். இப்போது நீங்கள் 'பயமாக இருந்தது' என்று ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை.

அவள் திரும்ப வேண்டுமா? கனவில் நீங்கள் அதற்கு முன்பே விழித்துவிட்டீர்கள். உங்கள் மனம் முகத்தைத் தரவில்லை. இல்லாத முகத்துக்காகக் கோரப்பல்லும் வெள்ளைக் கண்ணும் தேடிப் போகாதீர்கள். தேடிப் போனால் ஏற்கெனவே எல்லோரும் பார்த்த முகம்தான் கிடைக்கும். அவள் திரும்பாமலேயே, கைமாற்றிவிடுகிற மாதிரி கயிற்றைப் பின்பக்கமாக நீட்டலாம். அவன் பிடிப்பானா மாட்டானா என்பது கதையின் முடிவு. அல்லது வாளியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டும் வேண்டாமென்றால், உள்ளே பிள்ளையின் அழுகை திடீரென்று நிற்பது போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், எண்ணெய் விட்ட அந்தக் கைக்கு நேராகத் திரும்பும் முடிவாக இருக்கட்டும். தண்டனை எங்கிருந்தோ வந்தால் அதிர்ச்சிதான் வரும்; தன் கையாலேயே வந்தால்தான் திகில்.

இந்தக் கதையில் கனவு என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கனவிலிருந்து வரும் கதைக்குள் கனவைக் காட்டத் தேவையே இல்லை. 'திடுக்கிட்டு எழுந்தான், எல்லாம் கனவு' என்று முடிப்பது, அதுவரை பயந்து படித்தவரை ஏமாற்றும் வேலை. கனவைக் கதைக்குள் வைத்தே ஆக வேண்டுமென்றால் இளங்கோவடிகளிடம் போங்கள். கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தேவந்தியிடம் தன் கனவைச் சொல்கிறாள்: பெரிய ஊருக்குள் போனோம், தேளை எடுத்துப் போட்டதுபோல் ஊரார் பொருந்தாத ஒரு சொல்லை என்மேல் போட்டார்கள், கோவலனுக்குத் தீங்கு என்றார்கள், அரசன் முன் வழக்குரைத்தேன், ஊருக்கும் தீங்கு வந்தது. அதன் பிறகு நடந்ததை மட்டும் விவரிக்காமல், கேட்டால் சிரிப்பாய் என்று நிறுத்திக்கொள்கிறாள். வழக்குரை காதையில் கோப்பெருந்தேவியின் கனவு அதைவிடச் சுருக்கம். செங்கோலும் வெண்குடையும் விழுகின்றன, வாயில் மணி நடுங்குகிறது, இரவில் வானவில், பகலில் விழும் விண்மீன். அவள் அரசனிடம் வந்து சொல்லி முடிப்பதற்கும் ஒற்றைச் சிலம்போடு கண்ணகி வாயிலில் வந்து நிற்பதற்கும் இடைவெளியே இல்லை. கனவு சில வரி. உடனே அதன் நிஜம் கதவைத் தட்டுகிறது. இதைவிடச் சரியான அளவை நான் எங்கும் பார்த்ததில்லை.

கனவைப் பிடித்து வைப்பது பற்றியும் கேட்பீர்கள். தெளிவான, கதை மாதிரி ஓடும் கனவுகள் பெரும்பாலும் கண்விழிகள் வேகமாக அசையும் உறக்கக் கட்டத்தில் வருகின்றன. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் அந்தக் கட்டம் விடியலை நெருங்க நெருங்க நீளும். கெட்ட கனவுகள் பின்னிரவில் அதிகம் வருவது அதனால்தான். விழித்த சில நிமிடங்களில் பெரும்பகுதி அழிந்துவிடும். எழுந்ததும் புரளாமல், கண்ணை மூடியபடியே கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி நினைத்துப் பாருங்கள். பிறகு தலைமாட்டில் இருக்கும் நோட்டில் எழுதுங்கள். கைபேசித் திரையைத் திறந்தால் நாலு செய்தி கண்ணில் படும், கனவு போய்விடும். கதையை எழுதாதீர்கள், உடம்பை எழுதுங்கள். எந்தப் பக்கம் குளிர்ந்தது, கால் எதில் பட்டது, எந்தச் சத்தம் இருந்தது, எது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. முன்பின் ஒட்டவில்லையே என்று சரிசெய்யவே கூடாது. ஒட்டாத இடத்தில்தான் சத்தமில்லாத ராட்டினம் மாதிரியானவை கிடைக்கும்.

'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் குறிப்புத் தாள்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1890 மார்ச் மாதக் குறிப்பில் ஓர் இளைஞன், முத்தமிட வரும் பெண், அவள் குறி உதடு இல்லை கழுத்து, நடுவில் பாய்ந்து 'இவன் எனக்குரியவன்' என்று சீறும் கிழப் பிரபு என்று சில துண்டு வரிகள். இது கனவில் வந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நண்டு சாப்பிட்டதால் வந்த கனவு என்று ஒரு கதையும் சுற்றுகிறது; அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தத் துண்டு வரிகள் நாவலாக வெளிவந்தது 1897 மே மாதம். ஏழு ஆண்டு. உங்கள் நோட்டில் இருப்பதை இந்த வாரமே கதையாக்கியாக வேண்டும் என்று பதறாதீர்கள்.

சிலருக்கு விழித்த பிறகும் கைகால் அசையாது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். அறை மூலையில் உருவம் நிற்கும். அமுக்குவான் பேய் என்று ஊரில் சொல்வது இதைத்தான். கனவு காணும்போது உடம்பு அசையாதபடி மூளை தசைகளைக் கட்டிவைக்கிறது. விழிப்பு வந்தபின்னும் அந்தக் கட்டு சில நொடிகள் அவிழாமல் இருப்பதால் நேர்வது. இது வந்தால் எழுதுபவருக்குப் பொக்கிஷம், ஏனென்றால் சொந்தப் படுக்கையறையிலேயே, கண் திறந்திருக்கும்போதே பார்த்த காட்சி அது. ஆனால் அடிக்கடி வந்தால் தூக்கக் குறைவும் காரணமாக இருக்கலாம். எழுத்துக்காக விழித்துக் கிடந்து அதை வரவழைக்க முயல வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உண்மையில் நடந்த விபத்து, வன்முறை, போர், சிறுவயதுக் கொடுமை இவை கனவில் அப்படியே திரும்பி வருமானால், அதைத் திகில் கதைக்கு மூலப்பொருளாக உடனே எடுக்காதீர்கள். கெட்ட கனவுகளுக்கு, விழித்திருக்கும்போதே கனவின் போக்கை மாற்றி எழுதி, மாற்றிய வடிவத்தைத் தினமும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. பயத்தைக் கரைப்பதற்காக அங்கே மாற்றுகிறார்கள். திகில் எழுத்தாளர் மாற்றுவதோ பயத்தைக் கூட்டுவதற்கு. ஆறாத காயத்தில் இந்த இரண்டாவது வேலையைச் செய்தால் எழுத்தும் கெடும், தூக்கமும் கெடும். வாரத்தில் பல இரவுகள் தூக்கம் போகிறது, படுக்கப் போகவே பயமாக இருக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும்கூட கெட்ட கனவைக் கொண்டுவரும்; தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

இனி வெளியிடுவது. மேரியின் கையெழுத்துப் பிரதியை ஜான் மர்ரி என்ற பெரிய பதிப்பாளர் திருப்பி அனுப்பினார். ஆலியர் என்பவரும் வேண்டாமென்றார். மூன்றாவதாக ஏற்றவர்கள் 1818 ஜனவரி 1 அன்று 500 பிரதிகள் போட்டார்கள், ஆசிரியர் பெயரே இல்லாமல். அடுத்த ஆங்கிலப் பதிப்பு வந்த 1823-இல்தான் பெயர் அச்சானது. அதற்கும் முன்னால் 1764-இல் ஹொரஸ் வால்போல், மாளிகைப் படிக்கட்டின் உச்சிக் கைப்பிடியில் கவசமணிந்த ஒரு ராட்சதக் கை இருப்பதாகக் கண்ட கனவிலிருந்து எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' நாவலை, பழைய இத்தாலியக் கதையின் மொழிபெயர்ப்பு என்று வேறு பெயரில் விட்டார். விற்றபிறகுதான் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். பேய்க்கதை எழுதினால் மதிப்பு போய்விடுமோ என்ற தயக்கம் உங்களுக்கு இருந்தால், அது இந்த வகை எழுத்து பிறந்த நாளிலிருந்தே இருக்கும் தயக்கம். புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், எழுதுங்கள்.

முதலில் சிறுகதையாகவே எழுதுங்கள். ஒரு கனவுப் படம் தாங்கும் நீளம் அதுதான். அச்சு வார இதழ்கள் கேட்பது சிறியது. இணைய இலக்கிய இதழ்கள் நீளத்தைப் பொறுத்துக்கொள்ளும். அனுப்பும் இதழின் சமீபத்திய கதைகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்ப வேண்டாம். முகநூலிலோ வலைப்பூவிலோ போட்டுவிட்டால் பல ஆசிரியர்கள் அதை வெளிவந்த கதை என்றே கருதுவார்கள். ஆர்வம் தாங்காமல் முதலில் அங்கே போட்டுவிடாதீர்கள். இலக்கிய இதழ்கள் பேய்க்கதையைத் தொடாது என்று நினைத்து ஒதுங்கவும் வேண்டாம். அந்த வீட்டின் மனிதர்கள் உயிரோடு இருந்தால் நல்ல ஆசிரியர் பேயையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வார்.

தொடராக எழுத விருப்பமிருந்தால் பிரதிலிபி போன்ற செயலிகளில் திகிலுக்கு வாசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு திடுக்கிடல் வைக்கும் பழக்கம் அங்கே எளிதில் தொற்றும். கிணறு மாதிரியான மெதுவான கதைக்கு அது ஒத்துவராது. அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூலை நாமே ஏற்றலாம். அதில் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளைக்கு அதே மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. செயலியில் தொடராகப் போட்டதை எடுக்காமல் அதில் சேர்த்து மாட்டிக்கொள்ள வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கதை சேர்ந்தபின் அச்சுப் புத்தகமாகப் போடலாம். சொந்தமாக அச்சிட்டால், புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கென்று பணம் கேட்பவர்களிடம் எதற்கு என்று கேளுங்கள்.

அப்புறம் உரிமை. 1957-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்ததுமே கதை உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை நீடிக்கும். ஆனால் 'சத்தமில்லாத ராட்டினம்' என்ற எண்ணத்துக்கு மட்டும் உரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. ஆகவே எழுதி முடிக்கும் முன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். பதிப்பகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். காலம் குறிப்பிடாமல் உரிமையை மாற்றிக் கொடுத்தால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பல ஒப்பந்தங்களில் 'எல்லா வடிவங்களிலும், எக்காலத்துக்கும்' என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அச்சுக்கும் மின்னூலுக்கும் மட்டும் உரிமை கொடுத்து, ஒலிநூல், திரைப்படம், இணையத் தொடர் உரிமைகளை உங்களிடமே வைத்துக்கொள்ளும்படி அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள். தமிழ்ப் படவுலகம் பேய்க்கதையை விடாமல் தேடிக்கொண்டிருக்கும் இடம். அங்கிருந்து அழைப்பு வந்தால், பேச வேண்டியது பதிப்பகத்திடம் இல்லை, உங்களிடம்தான் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.